விவாகரத்து கேஸ் நடக்கும்போது வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்: படிப்படியாக ஒரு வழிகாட்டி

கொடைக்கானல் ஏரியில் நான் படகில் உட்கார்ந்திருக்கும் படம். அதை ஏ4 தாளில் கலர் பிரிண்ட் எடுத்து எதிர்த்தரப்பு வக்கீல் என்னிடம் நீட்டினார். கூண்டில் நின்றபடி வாங்கிப் பார்த்தேன். கீழே நானே எழுதிய வரி: ‘புது வாழ்க்கை ஆரம்பம்’. பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம்.

“படத்தோட இடது ஓரத்துல தெரியறது ஒரு ஆணோட கைதானேம்மா?”

“என் தம்பி சார்.”

“கூடப் பிறந்த தம்பியா?”

“இல்ல சார், சித்தி பையன்.”

தட்டச்சர் அடித்தது இவ்வளவுதான்: ‘படத்தில் உள்ள ஆண் என் உடன்பிறந்தவர் இல்லை என்றால் சரிதான்.’

அவன் அப்போது ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். அதே படகில் என் அம்மா இருந்தார், பாட்டி இருந்தார், படம் எடுத்ததே சித்திதான். மறுவிசாரணையில் என் வக்கீல் இதையெல்லாம் கேட்டுப் பதிவு செய்தார். ஆனால் அன்று கோர்ட்டிலிருந்து வெளியே வந்தபோது என் அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு படமும் மூன்று வார்த்தையும் போட எனக்கு இருபது நொடி ஆகியிருக்கும்.

கேஸ் முடிந்துவிட்டது. அதன் பிறகு இதே வழியில் வருகிறவர்கள் பலர் என்னிடம் பேசுகிறார்கள். பெரும்பாலோர் கேட்பது ஒன்றுதான்: “ஃபோன்ல என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?” ஒவ்வொருவரிடமும் வாயால் சொன்னதை வரிசையாக எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் வக்கீல் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் அவரைப் பார்க்கப் போவதற்கு முன்பே, இன்று ராத்திரியே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. அதில் வரிசை முக்கியம்.

படி 1: எதையும் அழிக்காதீர்கள்

எல்லோரும் முதலில் செய்கிற தவறு இது. கேஸ் என்றதும் பயத்தில் பழைய பதிவுகளை, சாட்களை, படங்களை உட்கார்ந்து அழிக்கிறார்கள். ‘எல்லாருக்கும் டெலீட்’ கொடுத்தால் போய்விடும் என்று நினைக்கிறார்கள். அந்தப் பக்கம் அதற்கு முன்பே ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாகிவிட்டது என்றால், இப்போது உங்கள் மேல் இரண்டு சந்தேகம்: எழுதியதற்கு ஒன்று, மறைத்ததற்கு ஒன்று. சாட்சியமாக வரக்கூடிய மின்னணுப் பதிவை, அது கோர்ட்டுக்கு வரக் கூடாது என்பதற்காக அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 241ஆம் பிரிவில் குற்றம். மூன்று வருடம் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது.

உங்களுக்குச் சாதகமானதும் அதே குப்பையில் போய்விடும். என் நகைகளை அடகு வைத்ததை என் கணவரே ஒத்துக்கொண்டு அனுப்பிய மெசேஜ் என்னிடம் இருந்தது. அந்த சாட்டைப் பார்க்கவே பிடிக்காமல் மொத்தமாக அழித்துவிட்டேன். கேஸ் போட்ட பிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

அதனால் முதலில் சேமியுங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டிலுமே ‘உங்கள் தகவலைப் பதிவிறக்கு’ என்ற வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. கேட்டால் உங்கள் கணக்கில் உள்ளதைத் திரட்டித் தரும். வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு சாட்டுக்கும் ‘எக்ஸ்போர்ட் சாட்’ உண்டு. தானாக மறையும் மெசேஜ் வசதி அந்த சாட்டில் போடப்பட்டிருக்கிறதா என்று உடனே பாருங்கள். போட்டிருந்தால் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும்போது ஒரு விஷயம். ‘கணவர்’, ‘அத்தான்’ என்று நீங்கள் சேமித்த பெயர் எதையும் நிரூபிக்காது. யார் எண்ணையும் எந்தப் பெயரிலும் சேமிக்கலாம். அந்தத் தொடர்பைத் திறந்து, எண் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். தேதி தெரிய வேண்டும். நடுவில் வெட்டாமல், உங்கள் பதிலும் சேர்ந்து வர வேண்டும். உங்கள் பதில் அசிங்கமாக இருந்தாலும் சேர்த்தே எடுங்கள். வெட்டின சாட்டை எதிர்த்தரப்பு முழுசாகக் கொண்டு வந்தால் நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளும் சேர்ந்து அடிபடும்.

அந்த ஃபோனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். இது பலருக்குத் தெரியாது. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியம் இருக்கிறது. அதன் 63ஆம் பிரிவுப்படி பிரிண்ட் அவுட்டோ பென் டிரைவோ கொடுத்தால் கூடவே ஒரு சான்றிதழ் வேண்டும். அ பகுதியை நீங்கள் நிரப்ப வேண்டும், ஆ பகுதியை நிபுணர் ஒருவர் நிரப்ப வேண்டும். எந்தக் கருவியிலிருந்து எடுத்தது, அதன் ஐஎம்இஐ எண் (ஃபோனின் தனி அடையாள எண்) என்ன, அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) என்ன என்றெல்லாம் அதில் வரும். கருவியே இல்லையென்றால் அதை நிரப்புவது பெரும்பாடு.

படி 2: கதவுகளைப் பூட்டுங்கள்

இதற்கு ஒரு மாலைப் பொழுது முழுக்க ஒதுக்குங்கள். நம் வீடுகளில் மனைவியின் சிம் கணவன் பெயரில் இருப்பது சாதாரணம். கல்யாணமான புதிதில் அவர்தான் வாங்கிக் கொடுத்திருப்பார். சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் தொலைந்துவிட்டது என்று சொல்லி மாற்று சிம் வாங்க முடியும். வாங்கினால் உங்கள் வங்கி ஓடிபி, ஜிமெயில் ஓடிபி, வாட்ஸ்அப் எல்லாம் அவர் கைக்குப் போகும். முதல் வேலையாக உங்கள் ஆதாரைக் கொடுத்து உங்கள் பெயரில் ஒரு சிம் வாங்குங்கள். வங்கி, ஆதார், ஜிமெயில் மூன்றிலும் எண்ணை மாற்றுங்கள்.

அடுத்து ஜிமெயில். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில், இப்போது எந்தெந்தக் கருவிகளில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது என்று பட்டியல் வரும். பழைய லேப்டாப், டிவி, குழந்தை விளையாடுகிற டேப்லெட் எல்லாம் அதில் நிற்கும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பியின் வக்கீல் மெயில்கள் ஆறு மாதமாக மாமனார் வீட்டு டேப்லெட்டில் வந்து விழுந்துகொண்டிருந்தன. மீட்பு எண், மீட்பு மெயில் இரண்டும் யாருடையவை என்று பாருங்கள். கூகுள் மேப்ஸில் இருப்பிடப் பகிர்வு, கூகுள் போட்டோஸில் துணையோடு பகிர்தல் இரண்டையும் நிறுத்துங்கள்.

வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட கருவிகள்’ பகுதியைத் திறந்து தெரியாத எதையும் வெளியேற்றுங்கள். இரண்டடுக்குப் பாதுகாப்புக்கு ஆறு இலக்க பின் வையுங்கள். குழந்தையின் பிறந்தநாளை வைக்காதீர்கள். அந்தத் தேதி இரண்டு பேருக்குமே தெரியும். ஃபோனில் அவருடைய விரல் ரேகையோ முகமோ பதிந்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அடிதடி உள்ள வீட்டில், இன்னும் அவரோடே இருக்கிறீர்கள் என்றால், ஒரே ராத்திரியில் எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றாதீர்கள். மாற்றியது தெரிந்ததும் ஆபத்து கூடும். முதலில் நம்பிக்கையான ஒருவருடைய ஃபோனிலிருந்து 181 பெண்கள் உதவி எண்ணில் பேசுங்கள். வெளியேற இடம் உறுதியான பிறகு பூட்டுகளை மாற்றலாம்.

அதே மாதிரி, அவருடைய கதவை நீங்களும் திறக்காதீர்கள். அனுமதியில்லாமல் இன்னொருவர் கணக்கில் நுழைவதும் அவருடைய பாஸ்வேர்டைப் பயன்படுத்துவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66, 66சி பிரிவுகளில் வரும். கணவன் மனைவி என்பதால் விலக்கு கிடையாது. போலி ஐடி உருவாக்கி நட்பு கேட்டு உள்ளே போவதும் கூடாது.

“திருட்டுத்தனமா எடுத்த ஆதாரம் கோர்ட்டுல செல்லுமா?” என்று கேட்பார்கள். மனைவிக்குத் தெரியாமல் அவருடைய அழைப்பு விவரங்களை எடுத்து வந்த ஒரு கணவரின் ஆதாரத்தை, அந்தரங்க உரிமையைச் சொல்லி, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024இல் ஏற்கவில்லை. 2025 ஜூலையில் வேறொரு வழக்கில், கணவன் ரகசியமாகப் பதிவு செய்த மனைவியின் பேச்சைத் திருமண வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: நீங்கள் அவரிடம் பேசும் ஒவ்வொரு பேச்சும் பதிவாகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தே பேசுங்கள். ஆதாரம் கோர்ட்டில் ஏற்கப்பட்டாலும், கணக்கில் புகுந்த குற்றத்துக்கு உங்கள் மேல் தனியாகப் புகார் வரலாம்.

படி 3: பதிவு போடுவதை நிறுத்துங்கள்

குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் 1984இன் 14ஆம் பிரிவு ஒன்றைச் சொல்கிறது: தகராறைத் தீர்க்க உதவும் என்று நீதிமன்றம் கருதினால், வழக்கமான சாட்சிய விதிகளுக்குள் அடங்காத அறிக்கையையும் ஆவணத்தையும் தகவலையும்கூட ஏற்கலாம். மற்ற கோர்ட்டுகளைவிட இங்கே வாசல் அகலம். ‘ஒரு ஸ்டேட்டஸ்தானே’ என்று இங்கே நினைக்க முடியாது.

மாட்டிவிடுவது பெரும்பாலும் திட்டு வார்த்தைகள் இல்லை. சாதாரணப் பதிவுகள்தான். ஜீவனாம்சக் கேஸில் இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன், மாதச் செலவு எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலை போய்விட்டது என்று அதில் எழுதிக் கொடுத்தவர் லிங்க்ட்இன்னில் பதவி உயர்வுக்கு வாழ்த்து வாங்கிக்கொண்டிருப்பார். வருமானம் இல்லை என்று எழுதிக் கொடுத்தவர் இன்ஸ்டாகிராமில் சேலை விற்று, ‘இந்த மாசம் நூறு பார்சல்’ என்று ரீல்ஸ் போட்டிருப்பார். பொய் சொல்ல வழி தேடாதீர்கள். வாக்குமூலத்தில் உண்மையை எழுதுங்கள். அந்த உண்மையையும் தப்பாகக் காட்டக்கூடிய பதிவைப் போடாதீர்கள். நண்பனின் புது பைக் மேல் உட்கார்ந்து எடுத்த படம் கோர்ட்டில் உங்கள் பைக்தான்.

துரோகம், நன்றி கெட்டவர்கள் என்று வரும் மேற்கோள்கள், ராத்திரி பதினோரு மணிக்குப் போடுகிற சோகப் பாட்டு, ‘சிலருக்குப் புரியும்’ என்ற ஒற்றை வரி. பெயர் சொல்லவில்லையே என்பீர்கள். பெயர் சொல்லாமலே ஊருக்கே புரிகிறது என்பதுதான் எதிர்த்தரப்பின் வாதமாக இருக்கும்.

மேட்ரிமோனி தளத்தில் கணக்கு, டேட்டிங் ஆப் இரண்டும் வேண்டவே வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் அவசரப்பட்டு ‘விவாகரத்து ஆனவர்’ என்று போட்டு ப்ரொஃபைல் திறந்துவிடுகிறார்கள். தீர்ப்பு வராதவரை அது பொய்த் தகவல். கள்ளத்தொடர்பு 2018க்குப் பிறகு குற்றமில்லை என்றாலும் விவாகரத்துக்கான காரணமாக இன்னும் இருக்கிறது.

பதிவை நிறுத்தினால் போதும். கணக்கையே மூடவேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. உங்களை டேக் செய்தால் உங்கள் ஒப்புதல் கேட்கும்படி மாற்றிவையுங்கள். நண்பர் பட்டியலில் இரண்டு பக்கமும் நிற்பவர்கள் இருக்கிறார்கள். ‘நெருங்கிய நண்பர்கள்’ என்று வட்டம் போட்டுப் போட்டதும் அவர்கள் வழியாக வெளியே போகும். என் படகுப் படம் அப்படித்தான் போனது. என் பட்டியலில் அவருடைய அத்தை மகள் இருந்தாள்.

படி 4: வீட்டாரிடம் பேசுங்கள்

நீங்கள் அடக்கமாக இருந்தாலும் அம்மா ஸ்டேட்டஸ் போட்டுவிடுவார். மாமா குடும்ப குரூப்பில் ஐந்து நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெற்ற வயிறு எரிகிறது. ஆனால் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னது இது: “அம்மா, நீங்க என் பக்கம்னு எனக்குத் தெரியும். அதை எங்கிட்ட சொல்லுங்க போதும். ஃபோன்ல போட்டா அது என் கேஸ் கட்டுல போய் உக்காரும்.” கேஸ் கட்டு என்றதும் அம்மாவுக்குப் புரிந்தது.

‘அவன் ஆபீசுக்கு ஒரு மெயில் போட்டா போதும், ஆடிப்போயிடுவான்’ என்று யோசனை சொல்ல ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்றில், ராணுவ அதிகாரியான கணவரைப் பற்றி மனைவி அவருடைய மேலதிகாரிகளுக்குத் தொடர்ந்து புகார் அனுப்பினார், வேறு இடங்களிலும் அவதூறாகப் போட்டார். கணவரின் உத்தியோகமும் மரியாதையும் அதனால் கெட்டன. அது மனரீதியான கொடுமை என்று சொல்லி நீதிமன்றம் கணவருக்கு விவாகரத்து கொடுத்தது. உண்மையான கொடுமைக்குப் புகார் கொடுக்க மகளிர் காவல் நிலையமும் கோர்ட்டும் இருக்கின்றன. அங்கே தயங்காமல் போங்கள். ஆபீஸ் மெயிலும் ஃபேஸ்புக் கமென்ட்டும் அந்த வேலையைச் செய்யாது.

படி 5: குழந்தை இருந்தால்

இந்தப் படியில்தான் நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை. குழந்தை அழுகிற வீடியோவை, ‘அப்பா வேணாம்’ என்று சொல்ல வைத்து எடுத்த வீடியோவை ஒருபோதும் போடாதீர்கள், எடுக்கவே எடுக்காதீர்கள். நீதிபதி பார்ப்பது குழந்தையின் நலனை. அப்படி ஒரு வீடியோ, எடுத்தவரைப் பற்றித்தான் அவருக்குச் சொல்லும். அந்தக் குழந்தை பத்து வருடம் கழித்து அதைத் தேடி எடுத்துப் பார்க்கும். சீருடை தெரியும் படம், பள்ளி வாசல் படம், குழந்தையைக் கைமாற்றும் இடத்தின் படம் எதுவும் வேண்டாம்.

அவரை எல்லா இடத்திலும் பிளாக் செய்துவிட்டால் ‘குழந்தையிடம் பேச விடவில்லை’ என்று மனு வரும். உங்களுக்கு ஆபத்து இல்லாத பட்சத்தில் ஒரே ஒரு வழியைத் திறந்து வையுங்கள். மெயில் நல்லது. குழந்தை சம்பந்தப்பட்டதை மட்டும் அதில் எழுதுங்கள். ‘உனக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது, ஃபீஸ் கட்டற தேதி கூடத் தெரியாது’ என்று எழுதக் கை வரும். எழுத வேண்டியது: ‘இரண்டாம் பருவக் கட்டணம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ரசீது இணைத்துள்ளேன். உங்கள் பங்கை எப்போது அனுப்புவீர்கள் என்று தெரியப்படுத்தவும்.’ ஒரு மணி நேரம் கழித்துப் படித்துப் பார்த்து அனுப்புங்கள். மிஸ்ஸும் மற்ற பெற்றோரும் இருக்கிற வகுப்பு குரூப்பில் ஒருவரை ஒருவர் திருத்திக்கொள்ளாதீர்கள்.

படி 6: கோர்ட்டில் நடப்பது கோர்ட்டிலேயே

இரண்டு பேரில் ஒருவர் விரும்பினாலே விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டும் என்கிறது குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 11ஆம் பிரிவு. இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, வழக்கு நடவடிக்கைகளை வெளியிடவே தடை போடுகிறது. அதற்கு அபராதம் ஆயிரம் ரூபாய்தான் என்றாலும், நீதிபதியிடம் கெட்ட பெயர் அதைவிடக் கூடுதல் செலவு. மனுவின் பக்கங்களைப் படமெடுத்துப் போடுவது, ‘இன்னிக்கு வாய்தாவுல என்ன நடந்துச்சு தெரியுமா’ என்று லைவ் போவது, கவுன்சிலிங்கிலோ சமரச மையத்திலோ பேசியதை ரெக்கார்ட் செய்வது எதுவும் கூடாது. சமரசப் பேச்சு ரகசியமானது. அங்கே ஒருவர் இறங்கி வருவதே அது வெளியே போகாது என்ற நம்பிக்கையில்தான்.

பரஸ்பர சம்மதத்தில் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். முதல் மனுவுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் ஆறு மாதம் இருக்கிறது. தகுந்த வழக்குகளில் கோர்ட் அந்தக் காத்திருப்பிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்று 2017இல் தீர்ப்பு வந்தது. ஆனாலும் எல்லோருக்கும் கிடைக்காது. அந்த இடைவெளியில் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். தொகை பேசி, நகை திருப்பி, எல்லாம் முடிந்து நின்ற ஒரு கேஸ், நாத்தனார் போட்ட ‘சனியன் விட்டது’ என்ற ஒரு ஸ்டேட்டஸால் உடைந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்தப் பெண் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் மறுத்திருப்பேன்.

படி 7: அவர்கள் உங்களைப் பற்றிப் போட்டால்

பதில் எழுதாதீர்கள். கை துடிக்கும். பதிவின் லிங்க், தேதி, நேரம், யார் யார் கமென்ட் போட்டார்கள் என்பதோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வக்கீலுக்கு அனுப்புங்கள். ஸ்டேட்டஸ், ஸ்டோரி இரண்டும் 24 மணி நேரத்தில் போய்விடும் என்பதால் உடனே எடுக்க வேண்டும். பிறகு அந்தத் தளத்திலேயே புகார் கொடுங்கள். வக்கீல் நோட்டீஸ், தடை உத்தரவு, அவதூறு வழக்கு என்று வழிகள் இருக்கின்றன. எது எப்போது என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

அந்தரங்கப் படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டினாலோ வெளியிட்டாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். அழைக்க வேண்டிய எண் 1930. தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் ஆன்லைனிலும் புகார் தரலாம். அப்படி வெளியிடுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் மூன்று வருடம் வரை சிறை. நீங்கள் நேரடியாகப் புகார் கொடுத்தால், இப்படிப்பட்ட படத்தை அந்தத் தளம் உடனே நீக்க வேண்டும்; 2021 விதியில் அதற்கு ஒரு நாள் கெடு இருந்தது, 2026 பிப்ரவரியில் அதை இரண்டு மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். மிரட்டலுக்குப் பயந்து பணமோ கையெழுத்தோ கொடுத்துவிடாதீர்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100 இலவசச் சட்ட உதவி எண். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

ராத்திரி பதினோரு மணிக்கு

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது. நாம் ஸ்டேட்டஸ் போடுவது ஆதாரம் கொடுக்க இல்லையே. பாரம் தாங்காமல்தான் போடுகிறோம். யாராவது ‘என்னாச்சு’ என்று கேட்க மாட்டார்களா என்று இருக்கும். அதனால் அந்த நேரத்துக்கு ஓர் ஆளை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். எனக்கு என் கல்லூரித் தோழி. “எழுதணும்னு தோணினா எனக்குக் கால் பண்ணுடி, எழுதாத” என்று சொல்லிவைத்திருந்தாள். பல ராத்திரி நான் பேசவே இல்லை, லைனில் அழுதேன், அவள் மறுமுனையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அப்படி யாரும் இல்லையென்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

படி 8: தீர்ப்பு வந்த பிறகு

அன்றைக்கே கேக் வெட்டிப் படம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மேல்முறையீட்டுக் கெடு ஓடிக்கொண்டிருக்கும். இந்து திருமணச் சட்டத்தின் 28ஆம் பிரிவில் அது 90 நாள். உங்கள் கேஸில் எந்தக் கெடு பொருந்தும் என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது முடியும்வரை மறுமணப் பேச்சையும் பதிவில் கொண்டு வராதீர்கள். ஜீவனாம்சத்தையும் குழந்தையைப் பார்க்கும் நாள்களையும் மாற்றக் கேட்டுப் பிறகும் மனு போடலாம் என்பதால், சேமித்ததைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

என் பழைய ஃபோன் இன்னும் அம்மா வீட்டு பீரோவில் இருக்கிறது. திரையில் ஒரு கீறல். சார்ஜரோடு ஒரு மஞ்சள் பையில் சுற்றி, தீர்ப்பு நகலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய் சார்ஜ் போட்டு, திறக்கிறதா என்று பார்த்துவிட்டு அணைத்து வைப்பேன்.